கொத்தளத்துப் படிகள் முப்பத்தெட்டு

சென்ற மாதம் ரேவதி போன் செய்தாள். மருதையாற்றங்கரைக் கொத்தளத்தில் இருக்கும் சிறிய அருங்காட்சியகத்தில் நான் பார்த்த வேலையை இப்போது அவள் பார்க்கிறாள். அதுவரை நாங்கள் நேரில் சந்தித்ததில்லை. பழைய பதிவேட்டின் பின்னட்டையில் என் எண் இருந்ததாம்.

“அக்கா, வாசல்ல ஆணி அடிச்ச பலகை ஒண்ணு இருக்கே, அதுல அடி வரிசையில சின்னச் சின்னதா செவப்பு வில்லை தொங்குது. அது எதுக்குங்கக்கா? யாருக்குமே தெரியல. கேமரா மாட்ட ஆள் வராங்க, அந்தச் செவுரு வேணுமாம். பலகையக் கழட்டிடட்டுமா?”

“ரெண்டு நாள் பொறும்மா, எழுதி அனுப்புறேன்” என்றேன். இரண்டு நாள் ஒரு மாதமாகிவிட்டது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படியெல்லாம் எழுதுவார்கள். எனக்கு வயது முப்பத்துநான்கு. ஆறு வருடம் வேலை பார்த்து, பிரசவத்துக்காக விடுப்பில் போனவள் திரும்பிப் போகவில்லை. மகளுக்கு இன்னும் சில நாளில் மூன்று வயது முடியும். அவள் மத்தியானம் தூங்கும் நேரத்தில் எழுதுகிறேன். நடுவில் எழுந்து போய் அவளுக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். முன்பெல்லாம் என் கணவர் இதற்குச் சிரிப்பார். இப்போது சிரிப்பதில்லை.

நான் வரலாறு படித்தவள். பெரம்பலூரில் ஒரு பள்ளியில் இரண்டு வருடம் பாடம் எடுத்தேன், பிறகு இந்தத் தற்காலிகப் பணி கிடைத்தது. பயிற்சி மூன்று நாள். கல்லைத் துணியால் துடைக்கக் கூடாது, மெல்லிய தூரிகையால் தட்ட வேண்டும். கண்ணாடிப் பெட்டியைத் திறக்கும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும். பார்வையாளரிடம் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான். மற்றதெல்லாம் தனபால் சார் வகுத்து வைத்திருந்த முறை.

ஊரில் அதைக் கோட்டை என்பார்கள். கோட்டை என்று மிஞ்சியது இந்த ஒரு கொத்தளம்தான். மதில் கல்லெல்லாம் எப்போதோ கிணற்றுக்கும் வரப்புக்கும் போய்விட்டது. வட்டமான, குட்டையான கோபுரம், மூன்று தளம். தரைத்தளத்தில் டிக்கெட் மேசையும், உடைந்து ஒட்டப்பட்ட இரண்டு முதுமக்கள் தாழிகளும். நடுத்தளத்தில் கல்லாகிப் போன சிப்பியும் நத்தையும். இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடல் என்பதற்குச் சாட்சி. மேல் அறையில் பீரங்கிக் குண்டுகள் வைத்த நீளமான பெட்டி, ஆற்றைப் பார்க்கும் மூன்று ஜன்னல்கள். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தெரியும். மற்ற மாதங்களில் மணலும் சீமைக்கருவேலமும்.

படிக்கட்டு சுவரின் கனத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஏறும். தரையிலிருந்து நடுத்தளத்துக்கு இருபத்தேழு படி. அங்கிருந்து மேல் அறைக்குப் பதினொன்று. அந்தப் பதினொன்றும் செங்குத்து, ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். படிக்கட்டில் ஜன்னல் கிடையாது, மூன்று பல்புதான். கீழே மெயின் சுவிட்சை இறக்கினால் பகலிலும் கை தெரியாது.

அங்கே கொஞ்ச நாள் வேலை பார்த்தால் ஒரு விஷயம் பழகிவிடும். நடுத்தளத்தில் நின்று பேசினால் குரல் பக்கத்தில் நிற்பவர் பேசுவது போலத் தெளிவாகக் கீழே வரும். மேல் அறையில் நின்று பேசினால் பாதிக் குரல் ஜன்னல் வழியாக ஆற்றுக்குப் போய்விடும். கீழே தேய்ந்துதான் கேட்கும். யார் எந்தத் தளத்தில் நிற்கிறார் என்று மேசையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவேன். அப்போது அதை ஒரு திறமை போல நினைத்துக்கொண்டிருந்தேன்.

தனபால் சார் காப்பாளர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்பு செய்தால் திட்ட மாட்டார். அந்த வேலையை நம் கண் முன்னால் முதலிலிருந்து தானே செய்து காட்டிவிட்டு, “இப்படி” என்பார். அது திட்டுவதைவிட மோசமாக இருக்கும். ஒரே நேரத்தில் முப்பது பேருக்கு மேல் ஏறக் கூடாது என்று அவர்தான் விதி வைத்தார். அதற்காக ஒரு பலகையில் முப்பது ஆணி அடித்து, எண் எழுதிய மர வில்லைகளைத் தொங்கவிட்டார். ஏறுகிறவர் ஒரு வில்லையை எடுத்துக்கொண்டு போக வேண்டும், இறங்கியதும் அதே ஆணியில் மாட்ட வேண்டும்.

“பலகை நிறைஞ்சா கொத்தளம் காலி. அதுக்கப்பறம்தான் பூட்டு” என்பார்.

ஜனங்கள் கேலி செய்வார்கள். “இத்தூண்டு ரூமுக்கு டிக்கெட்டு, அதுக்கு மேல வில்லை வேறயா? உள்ள பொக்கிஷமா வச்சிருக்கீங்க?” என்று ஒரு பெரியவர் கேட்டார். “ஒடஞ்ச பானை ரெண்டு இருக்குங்கய்யா, பாத்துட்டு வாங்க” என்றார் காவலாளி சேகரண்ணன். சேகரண்ணன் இருந்தால் வாசல் கலகலப்பாக இருக்கும். எனக்குப் பசிக்கும் முன்பே அவருக்குத் தெரியும். அவர் வீட்டுப் புளிச்சோறு ஆறு வருடம் சாப்பிட்டிருக்கிறேன். அவரைப் பற்றி எழுதும்போது அதையும் எழுத வேண்டும்.

நான் சேர்ந்த மூன்றாம் வருடம் ஒரு கைக்குழந்தை வில்லையை வாயில் போட்டுக்கொண்டது. தொண்டைக்குப் போகும் முன் தாய் விரலை விட்டு எடுத்துவிட்டாள். அன்றே சாரிடம் சொன்னேன்: “இடுப்புல இருக்குற புள்ளைங்களுக்கு வில்லை வேணாம் சார். தூக்கிட்டுப் போறவங்கதான் தூக்கிட்டு வரப் போறாங்க.”

சார் பலகைப் பக்கம் திரும்பினார்.

“அப்ப பலகை பொய் சொல்லும்மா. முப்பத்தஞ்சு பேரு உள்ள இருப்பாங்க, முப்பதுன்னு காட்டும்.”

“கணக்கா பாத்துக்குறேன் சார்.”

“கண்ணுல பாக்கணும். தெனம் பூட்டுறதுக்கு முன்னால ஒரு ஆள் மேல் அறை வரைக்கும் ஏறி, பெட்டிக்குப் பின்னால குனிஞ்சு பாத்துட்டு எறங்கணும். எழுதி வைக்கணும்.”

அப்படித்தான் பூட்டும் பதிவேட்டில் ஒரு பத்தி கூடியது: மேல் அறை பார்க்கப்பட்டது. பக்கத்தில் என் கையெழுத்து. இரண்டு வருடத்துக்கு மேல் தினமும் நானே ஏறினேன். முப்பத்தெட்டு படி ஏறி, குனிந்து பார்த்து, மூன்று ஜன்னலையும் சாத்திவிட்டு, முப்பத்தெட்டு படி இறங்குவேன்.

ஆறாம் வருடம் நான் கருவுற்றேன். முன்பு ஒருமுறை கலைந்துவிட்டதால் எல்லோருக்கும் பயம். என்னைவிட யாருக்கும் அதிகம் இல்லை. சார் கூப்பிட்டு, “நீ இனிமே ஏறாதம்மா. சேகர் ஏறட்டும். நீ கீழ நின்னு எழுதிக்க” என்றார்.

முதல் பத்து நாள் சேகரண்ணன் ஒழுங்காக ஏறினார். “காலிம்மா!” என்ற குரல் மேலேயிருந்து தேய்ந்து வரும், நான் கையெழுத்துப் போடுவேன். அவருக்கு ஐம்பத்தாறு வயது, மூட்டு வலி. ஒரு நாள் குரல் தெளிவாக, பக்கத்திலிருந்து வந்தது.

இறங்கி வந்ததும் கேட்டேன். “அண்ணே, மேல போனீங்களா?”

“ஒன் வயித்துப் புள்ள மேல சத்தியமா போனம்மா.”

“புள்ள மேல எல்லாம் சத்தியம் பண்ணாதீங்கண்ணே.”

“சரி, எம் பொண்டாட்டி மேல சத்தியம். அவதான் எதுக்கும் அசரமாட்டா” என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அதன் பிறகு பல நாள் குரல் நடுத்தளத்திலிருந்துதான் வந்தது. நான் கேட்கவில்லை. வயதில் பெரியவர், எனக்காகத்தானே ஏறுகிறார், முட்டி வலிக்கும், யார் இருக்கப் போகிறார்கள். இப்படி ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஏழாம் மாதம். கல்லங்குறிச்சிக் கோயிலில் முடி இறக்கிவிட்டு, குரும்பலூருக்குத் திரும்பும் ஒரு பெரிய குடும்பம் இரண்டு வேன்களில் வந்து இறங்கியது. கோட்டை பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தார்களாம். மணி நாலே முக்கால். பிள்ளைகள் உட்பட இருபத்தாறு வில்லைகள் போயின. இடுப்பில் இரண்டு குழந்தைகள். அதில் ஒன்று இனியா, ஒன்றரை வயது. மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம். அவளைத் தூக்கி வந்தது அவளுடைய சித்தி கீதா. வில்லையை எடுத்துக் கொடுக்கும்போது குழந்தை என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. என் விரலில் கொஞ்சம் சந்தனம் ஒட்டிக்கொண்டது.

மேலே நடந்தது பிறகு விசாரணையில் தெரிந்தது. குழந்தை தூங்கிவிட்டது. ஜன்னல் காற்று வரும் இடமாகப் பார்த்து, பீரங்கிக் குண்டுப் பெட்டிக்குப் பின்னால் துப்பட்டாவை விரித்துக் கீதா அவளைக் கிடத்தினாள். அதற்குள் இரண்டு பிள்ளைகள் சிறுநீர் கழிக்க வேண்டும் என்று படுத்த, அவர்களை அழைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். இனியாவின் அம்மா மஞ்சுளா நடுத்தளத்தில் இருக்கிறாள், மேலே வந்து தூக்கிக்கொள்வாள் என்று அவள் எண்ணம். மஞ்சுளாவோ மேல் அறைக்குப் போகவேயில்லை. குழந்தை கீதாவிடம் இருக்கிறது என்று நினைத்து இறங்கி முதல் வேனில் ஏறிவிட்டாள். கீதா இரண்டாவது வேனில். இருபத்தாறு வில்லைகளும் ஒழுங்காக ஆணிக்குத் திரும்பின.

ஐந்தரை மணி. ஐந்து நாற்பதுக்கு என் பஸ். கால் வீங்கிச் செருப்பு இறுக்கிக்கொண்டிருந்தது. பலகை நிறைந்திருந்தது. சேகரண்ணன் ஏறினார்.

“காலிம்மா!”

தெளிவாக, பக்கத்திலிருந்து. நடுத்தளம்.

அன்று மட்டும் நான் வாயைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் அதிகம், மேல போய்ப் பாத்துட்டு வாங்கண்ணே என்று சொல்லத்தான் திறந்தேன். ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டேன். மெயின் சுவிட்சை இறக்கினேன். பூட்டினேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டதுகூட நினைவிருக்கிறது.

ஆறே முக்காலுக்கு, அரியலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த சாரிடமிருந்து போன். டிக்கெட்டில் இருந்தது அவர் எண். பெரம்பலூரில் டீ குடிக்க இறங்கியபோதுதான் இரண்டு வேனிலும் குழந்தை இல்லை என்று தெரிந்து அழைத்திருக்கிறார்கள்.

“ஏம்மா, மேல் அறை பாத்தாச்சுல்ல?”

என் கண் மேசையில் கிடந்த சாவிக்குப் போனது.

“சாவிய எடுத்துட்டுக் கெளம்பு” என்றார்.

இன்னொரு சாவி சாரிடம் அரியலூரில். என் வீடுதான் பக்கம். கணவர் பைக்கில் அழைத்துப் போனார். பள்ளம் வரும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது, வேன் இன்னும் வரவில்லை. கதவைத் திறந்து சுவிட்சைப் போட்டேன். கணவர் தடுத்தும் நானே முதலில் ஏறினேன்; அவர் கீழே தாழிகளுக்குப் பின்னால் தேடினார். “பாப்பா, பாப்பா” என்று கூப்பிட்டுக்கொண்டே ஏறினேன்.

இருபத்தேழாம் படி முடியும் இடத்தில் கிடந்தாள். விழித்து, இருட்டில் தவழ்ந்தோ நடந்தோ மேல் படிக்கு வந்து உருண்டிருக்கிறாள். படிச் சுவரில், என் இடுப்புக்கும் கீழே, நாலு விரல் சந்தனம் இழுபட்டிருந்தது. மூச்சு இருந்தது. தூக்கலாமா, கழுத்தில் அடிபட்டிருந்தால் தூக்கக் கூடாதே என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்து, தொடாமல் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கணவர்தான் வந்து தூக்கினார். அந்த நேரம் வீணாயிற்றா என்று பிறகு ஒரு டாக்டரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். அவர் எனக்காகச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் காலையில் இனியா இறந்துபோனாள்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். தாழிகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டினார். சேகரண்ணன் கை கட்டி நின்றுகொண்டு சொன்னார்: “மேல் அறை வரைக்கும் போனேங்க. புள்ள பெட்டிக்குப் பின்னால தூங்குனதால கண்ணுக்குத் தெரியலீங்க.”

அதிகாரி என்னைப் பார்த்தார். “அவர் மேல போனாராம்மா?”

“காலின்னு கொரல் குடுத்தாரு சார்” என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனால்தான் மூன்று வருடமாக அது என்னைத் தின்கிறது.

தனபால் சார், “கர்ப்பிணிய ஏற வேண்டாம்னு சொன்னது நான். மூட்டு வலிக்காரர ஏறச் சொன்னதும் நான். கைக்கொழந்தைக்கு வில்லை வேணாம்னு ஒத்துக்கிட்டதும் நான்” என்று எழுதிக் கொடுத்தார். கடைசியாகச் சொன்னது என் யோசனை என்று அவர் எழுதவில்லை. அவரை மாற்றினார்கள். போவதற்கு முந்தின வாரம் மேசையில் உட்கார்ந்து சின்னதாகப் பத்து வில்லைகள் அறுத்தார், சிவப்புச் சாயம் அடித்தார், ஒவ்வொன்றிலும் நாடா கோத்தார். குழந்தையின் கையில் கட்டி அனுப்பவும், இறங்கும்போது அவிழ்த்து மாட்டவும். வாயில் போட முடியாத அளவா என்று தன் வாயில் வைத்தே பார்த்துக்கொண்டார். ரேவதி கேட்ட சிவப்பு வில்லைகள் இவைதான்.

அன்று சார் கேட்டார்: “காலின்னு சொன்ன சத்தம் எங்கேருந்தும்மா வந்துச்சு?”

நான் குனிந்துகொண்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை. நாடாவில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

சேகரண்ணன் போன வருடம் மாரடைப்பில் இறந்தார். அவர் வீட்டுக்குப் போய் வந்தேன். அவர் இல்லாத பிறகு இதை எழுதுவது எனக்கு எளிதாகிவிட்டது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் உயிரோடு இருந்தால் எழுதியிருப்பேனா என்று யோசிக்கிறேன். மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

ரேவதி கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது, முதலில் இதைக் கேட்க வேண்டியவர் அவளில்லை என்று பட்டது. மகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டுக் குரும்பலூர் பஸ் ஏறினேன். வழியில் இரண்டு முறை இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். மூன்று வருடத்துக்குப் பிறகு ஆறிய புண்ணைக் கிளறப் போகிறேனோ, எனக்காகப் போகிறேனா, அவர்களுக்காகப் போகிறேனா. விடை தெரியாமலேயே போய்ச் சேர்ந்தேன்.

மஞ்சுளா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். சேகரண்ணன் மேல் அறைக்குப் போகவில்லை. குரலை வைத்து அது எனக்குத் தெரியும். தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். இன்னும் பதினொரு படி ஏறியிருந்தால், குனிந்து பார்த்திருந்தால், குழந்தை கிடைத்திருப்பாள்.

அவர் ஈரத் துணியைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

“பெட்டிக்குப் பின்னால படுக்க வச்சதாலதான் தெரியலன்னு சொன்னீங்க.”

“அப்படி இல்லீங்க.”

“எந் தங்கச்சி இந்த வூட்ல காலடி எடுத்து வச்சு மூணு வருசமாவுது. ‘நீதான்டி எம்புள்ளைய ஒளிச்சு வச்ச’ன்னு நடுத்தெருவுல வச்சுக் கேட்டேன். எல்லாரும் பாத்துட்டு நின்னாங்க. அவ ஒரு வார்த்த பேசல.” துணியைக் கொடியில் போட்டுவிட்டு, “இத ஏன் இப்ப வந்து சொல்றீங்க? ஒங்க பாரத்த எறக்கி வைக்க எங்க வூடுதான் கெடச்சுதா?” என்றார்.

அவர் உள்ளே போனார். போய்விடச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் போனோடு வெளியே வந்து, ஓர் எண்ணை அழுத்தி என்னிடம் நீட்டினார்.

“அவகிட்டயும் சொல்லுங்க. இப்ப சொன்னத அப்படியே சொல்லுங்க.”

சொன்னேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும்.

“அக்கா பக்கத்துல இருக்காளா?” என்று கேட்டாள் கீதா.

“இருக்காங்க.”

“போன அவகிட்டக் குடுங்க.”

கொடுத்துவிட்டுத் தெருவுக்கு வந்தேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று தெரியாது, தெரிந்துகொள்ள எனக்கு உரிமையும் இல்லை. பஸ் நிறுத்தத்துக்கு நடக்கத் தொடங்கியபோது பின்னால் கூப்பிடும் சத்தம். மஞ்சுளா வாசலில் நின்றார். போன் காதில்தான் இருந்தது, கண் சிவந்திருந்தது.

“இப்ப யாரு அங்க மேல ஏறிப் பாக்குறா?”

“தெரியலீங்க” என்றேன்.

மறுநாள் மகளை அழைத்துக்கொண்டு கொத்தளத்துக்குப் போனேன். வேலையை விட்ட பிறகு முதல் தடவை. டிக்கெட் வாங்கி, மற்றவர்களைப் போல. ரேவதி நல்ல பெண், இருபத்துமூன்று வயது, துறுதுறுவென்று இருக்கிறாள். நான் யாரென்று சொன்னதும், “அக்கா, ஒங்களுக்கு டிக்கெட்டா? வாங்க வாங்க, பாப்பா பேரு என்ன?” என்று மகளுக்கு மிட்டாய் கொடுத்தாள். நான் ஒரு மர வில்லையை எடுத்துக்கொண்டு, ஒரு சிவப்பு வில்லையை எடுத்து மகளின் மணிக்கட்டில் கட்டினேன். மகள் அதை வளையல் என்று ஆட்டிக் காட்டினாள்.

நடுத்தளத்தில் படிச் சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். மேல் அறைக்கு ஏறும்போது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவள் இறங்க வேண்டும் என்று கத்தினாள், நான் விடவில்லை. ஜன்னல் வழியாக மணலில் யாரோ ஆடு மேய்ப்பதைக் காட்டினேன். பெட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். தூசியும் ஒரு பிஸ்கட் உறையும்.

இறங்கி இரண்டு வில்லைகளையும் மாட்டும்போது மணி ஐந்தரை. கடைசியாக ஒரு கல்லூரிக் கூட்டம் இறங்கிப் போயிற்று. பலகை நிறைந்தது. ரேவதி சாவியை எடுத்தாள்.

“மேல ஏறிப் பாக்கறதில்லியா?”

“அதான் பலகை நிறைஞ்சிருச்சேக்கா. கேமரா வேற வருது.”

பதிவேட்டைக் கேட்டேன். தயங்கிக் கொடுத்தாள். மேல் அறை பார்க்கப்பட்டது என்ற பத்தியில் அந்த வாரம் முழுவதற்கும், இன்னும் வராத நாட்களுக்கும் சேர்த்து, அழகான கையெழுத்தில் அவள் பெயர் இருந்தது. எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. என் கையெழுத்தைப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

மேசைக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தையின் பெயரைச் சொன்னேன். சந்தனத்தைச் சொன்னேன். குரல் எங்கிருந்து வந்தால் எப்படிக் கேட்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஏன் விட்டேன் என்று தெரியாது. ரேவதி அழுதுவிட்டாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“இருங்கக்கா, நானே போய்ப் பாத்துட்டு வரேன்.”

படியில் அவள் செருப்புச் சத்தம் ஏறியது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். இருட்டத் தொடங்கியிருந்தது. செருப்புச் சத்தம் நின்றது.

“யாருமில்லக்கா, காலி!”

குரல் தெளிவாக, என் பக்கத்தில் நிற்பவள் பேசியது போல வந்தது.

ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. ஐந்து நாற்பது பஸ் எப்போதோ போயிருந்தது; இதுதான் எங்களுக்கு அடுத்த பஸ். மகள் என் கையை வாசல் பக்கம் இழுத்தாள்.

நான் படிக்கட்டின் அடியில் போய் நின்று, மேலே பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

“இன்னும் பதினொரு படி இருக்கும்மா.”